பன்னிரண்டாவது சனல்

எங்கட ரொக் இசைப் பாண்டில நான் மேடைக்கு ஏறுறேல்ல. மேடைக்கு நேர முன்னால, சனத்துக்கு நடுவில ஒரு மேசையைப் போட்டு, அதில எல்லாற்ற சத்தத்தையும் வாங்கிக் கலக்கிற பன்னிரண்டு சனல் மிக்சர் ஒண்டை வைச்சுக்கொண்டு நிக்கிற ஆள் நான். ட்ரம்சுக்கு நாலு மைக், பேசுக்கு ஒரு வயர், கிற்றாருக்கு ஒரு மைக், கீபோர்டுக்கு ரெண்டு வயர், பாடுற தங்கச்சிக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ரெண்டு. மொத்தம் பதினொண்டு. பன்னிரண்டாவது சனல் கனகாலம் சும்மா கிடந்தது. இப்ப அதுக்கும் ஆள் வந்திட்டார், அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினன், ஆனா மற்றப் பதினொண்டும் எங்க இருந்து வந்தது எண்டு சொல்லாம அது விளங்காது.

மிக்சரில ஒவ்வொரு சனலிலயும் ஒரு சின்ன பட்டன் இருக்கு. அதை அமத்தினா அந்த ஒரு ஆளின்ர சத்தம் மட்டும் என்ர ஹெட்போனில வரும். சனத்துக்கு எல்லாம் கலந்துதான் கேக்கும். நான் ஒவ்வொருத்தரையும் தனியக் கேட்டுக்கேட்டே அவையள் ஆர் எண்டு படிச்சனான். ட்ரம்ஸைத் தனியக் கேட்டா ஒரு கோயில் வீதி, கிற்றாரைத் தனியக் கேட்டா தறப்பாள் போட்ட ஒரு சபை, அந்தத் தங்கச்சியின்ர மைக்கைத் தனியக் கேட்டா விடியப்புறத்தில முடியிற ஒரு கூத்து. எங்கட ஆக்களில ஒருத்தரும் ரொக் கேட்டு வளந்தவை இல்லை. கேக்கிறதுக்கு கரண்ட் இருக்கேல்ல.

என்ர கதையை முதல் சொல்லிப்போட்டுப் போறன். நான் 1984இல பிறந்தனான். எனக்கு விவரம் தெரிஞ்ச காலத்தில வன்னிக்குள்ள கரண்டும் இல்லை, யுத்தத்தில போட்ட பொருளாதாரத் தடையால பற்றறியும் இல்லை, மண்ணெண்ணெய் கூட மருந்து மாதிரி அளந்துதான். பாட்டுக் கேக்கிறதெண்டா சைக்கிளைத் தலைகீழா நிமித்தி வைச்சுப் பெடலைக் கையால சுத்தோணும். டைனமோவில வாற கரண்ட் ஏசி, ரேடியோவுக்கு வேணுமானது டிசி, அதுக்கு டயோட் போடோணும் எண்டு எட்டு வயசுப் பெடியனுக்கும் அந்தநேரம் தெரியும். எங்கட வீட்டில பாட்டுக் கேக்கேக்க பெடல் சுத்துறது என்ர வேலை. ரேடியோ எண்டாப் பரவாயில்லை, சுத்துறது குறைஞ்சா சத்தம் மட்டும்தான் குறையும். கசற் ரேப் போட்டா அப்பிடி இல்லை. கை களைச்சுப் போய் வேகம் விழுந்த உடன மோட்டரும் இழுபடும், பாடுறவரின்ர சுருதி கீழ இறங்கும், தாளமும் சேந்து தொய்யும், "டேய் சுத்தடா" எண்டு மாமா கத்துவார், நான் இழுத்துச் சுத்த சுருதி திரும்ப மேல ஏறும். இளையராசாவின்ர பாட்டுகளில பேஸ் கிற்றார் எப்பிடி ஓடுது எண்டு நான் முதல் கவனிச்சதும் அப்பிடித்தான், வேகம் குறையேக்க அடியில ஒரு சத்தம் தனியப் பிரிஞ்சு வரும், அது என்ன வாத்தியம் எண்டு எனக்குப் பேர் தெரியாது, ஆனா அது போற வழி பாட்டுப் போற வழி இல்லை எண்டு மட்டும் விளங்கினது. ஒரு பாட்டில சுருதி எண்டதும் வேகம் எண்டதும் என்ன எண்டு எனக்கு ஆரும் வகுப்பெடுக்கேல்ல. என்ர தோள்மூட்டுக்குத்தான் அது தெரியும்.

மாமா லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் குடுக்கிறவர். வளந்தாப் பிறகு அவரோட குழாய் கட்டப் போனன், அப்பிடியே சவுண்ட் பாக்கிற தொழில் என்னட்ட வந்திட்டுது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாற சனத்துக்கு நடுவில பனையில ஏறிக் குழாய் கட்டின நாளை இண்டைக்கும் மறக்கேல்ல.

இனி பாண்டுக்கு வாறன். நாங்கள் பழகிற இடம் கிளிநொச்சியில இரணைமடு வாய்க்கால் ஓரமா பேஸ்காரன்ர வளவுக்க இருக்கிற ஒரு தகரக் கொட்டில், நெல்லு மூட்டை அடுக்கிறதுக்குக் கட்டினது. மாரியில மழை அடிச்சா அதுக்குள்ள ஒண்டும் கேக்காது, சும்மா இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். ஆனா காலபோக அறுவடை முடிஞ்சு, தை மாசியில மூட்டையளை மூண்டு பக்கமும் கூரை மட்டம் அடுக்கினாப் பிறகு அந்தக் கொட்டில் ஒரு ஸ்ரூடியோ. நெல்லுமூட்டை மாதிரிச் சத்தத்தைக் குடிக்கிற சாமான் வேற இல்லை. எங்கட நல்ல ரெக்கோர்டிங் எல்லாம் அறுவடைக்கும் நெல்லு விக்கிறதுக்கும் இடைப்பட்ட அந்தக் கொஞ்ச நாளுக்குள்ள எடுத்ததுதான்.

போன வருசம் அதுக்குள்ள ஒரு சண்டை வந்தது. பெரிய சண்டை. கிற்றார்க்காரன் கிற்றாரை உறையில போட்டுக்கொண்டு மோட்டச்சைக்கிளில ஏறிப் போயிட்டான். காரணம், ஒரு பாட்டில முதலடி எங்க விழுது எண்டது.

ட்ரம்ஸ் அடிக்கிறவனிட்ட இருந்து தொடங்கோணும், ஏனெண்டா சண்டைக்கு அரைவாசிக் காரணம் அவன். அவன் தவில்காரக் குடும்பம். 1995இல யுத்தத்தால யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில வெளிக்கிட்டு வந்ததெல்லோ, பிறகு அதில கனபேர் கிளாலியால கடல் தாண்டி வன்னிக்கு வந்தவை, அப்பிடி வந்த ஆக்களில அவன்ர அப்பாவும் ஒருத்தர். ஒரு கையில பிள்ளை, சைக்கிள் கரியரில தவில். அந்தப் பிள்ளைதான் இவன். வன்னியில திருவிழா, கலியாணம், சாமத்தியவீடு எண்டு மேளத்துக்கு எப்பவும் ஆள் தேவை, அதால குடும்பம் நிமிந்தது. யாழ்ப்பாணத்துத் தெட்சணாமூர்த்தி, 1975இல காலமானவர், அவரின்ர தவில் வாசிப்பு ரேப்பைப் போட்டு "கேளடா, கை எங்க நிக்குது எண்டு பார்" எண்டுதான் அப்பா இவனுக்குப் பாடம் சொல்லிக்குடுத்தவர்.

தவிலில வலப்பக்கத்து வலந்தலையை வலக்கை விரலால அடிக்கிறது, விரலுக்குக் கூடு போட்டு. இடப்பக்கத்துத் தொப்பியை இடக்கையால, கழியால. ட்ரம்ஸில வலக்கை ஹைஹாட் எண்ட சோடித் தட்டில ஓடும், இடக்கை ஸ்னேர் எண்ட சின்ன ட்ரம்மில விழும். இதை நான் விளங்கிக்கொள்ள ரெண்டு வருசம் எடுத்தது. அவன்ர ஸ்னேர் ஏன் இவ்வளவு கனமா விழுது, ஏன் அந்த மைக்கை மட்டும் நான் எப்பவும் குறைக்க வேண்டிக்கிடக்கு எண்டு பாத்தா, ஏழு வயசில இருந்து தொப்பியில கழி பிடிச்ச இடக்கை அது. மற்ற ட்ரம்ஸ்காரருக்குப் பெலன் குறைஞ்ச கை, இவனுக்குப் பெலன் கூடின கை. கால்தான் அவனுக்குப் பிரச்சினையா இருந்தது. தவிலுக்குக் கால் தேவையில்லை. பெரிய ட்ரம்மைக் காலால அடிக்கிற கிக் பெடலுக்குப் பழக அவன் அம்மாவின்ர தையல் மெசினில போயிருந்து ஊசியைக் கழட்டிப்போட்டு மாசக்கணக்கா மிதிச்சவன்.

அவன் பில் அடிக்கிற விதத்தைக் கேட்டா எனக்கு இண்டைக்கும் மயிர் கூச்செறியும். நாலு எண்ணிக்கைப் பார் எண்ட ஒரு தாளச் சுற்றில பதினாறு சின்ன அடி இருக்கு. ரொக்கில பில் எண்டா அதை உருட்டிக்கொண்டு போய் அடுத்த பாரில விழுத்துறது. இவன் முதல் அடியைச் சும்மா விட்டிட்டு மிச்சப் பதினைஞ்சை மூண்டா வெட்டுவான், தகதகிட, தகதகிட, தகதகிட, மூண்டு அஞ்சு, பிறகு அடுத்த பாரின்ர தலையில கிக்கும் சிம்பலும் ஒண்டா. அது தீர்மானம். திருவிழாவில தனி முடிக்கிறது அப்பிடித்தான். கேக்கிற சனத்துக்குக் கணக்குத் தெரியாட்டிலும் மூண்டாவது தரம் வரேக்க தலை தானா ஆடும், ஏனெண்டா அதைக் கோயில் வீதியில எத்தினை நூறு தரம் கேட்ட காது அது.

கிற்றார்க்காரன் அதுக்கு நேர்மாறு. அவன் 2000இல பிறந்தவன், ஒம்பது வயசில, யுத்தம் முடிய இடம்பெயந்த சனத்தை வைச்சிருந்த செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில இருந்தவன், திரும்பி வந்து தருமபுரப் பக்கம் இருந்த நேரம் பக்கத்து வளவில தறப்பாளுக்குக் கீழ ஒரு பெந்தெகொஸ்தே சபை நடந்தது. அங்க ஒரு கிற்றார் இருந்தது. பாஸ்டர் ஜி, சி, டி எண்டு மூண்டு கோர்ட், கனக்கச் சுரத்தைச் சேத்து ஒண்டா அடிக்கிறது, காட்டிக் குடுத்தவர், அதோட ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவன்தான் கிற்றார். ஆராதனையில ஒரு பல்லவியை இருவது தரம் பாடுவினம். கோர்ட் மாறாது, ஆனா அந்த இருவது தரமும் ஒரே மாதிரி இருக்கவும் கூடாது. முதல் தரம் விரலால மெல்ல வருடுறது, சனம் எழும்பேக்க கொஞ்சம் கூட்டுறது, அழத் தொடங்கினா நிப்பாட்டி ஒரு கம்பியை மட்டும் தட்டுறது, பாஸ்டர் கையை உயத்தினா திரும்ப முழுக்க அடிக்கிறது. சத்தத்தை எப்ப ஏத்திறது எப்ப இறக்கிறது எண்டு கிற்றார் வகுப்பில படிச்சு வாறது கஷ்டம். அவன் அதை அழுகிற சனத்தைப் பாத்துப் பழகினவன். அவன் வாசிக்கேக்க நான் வொலியத்தில கை வைக்கிறேல்ல, அவனே செய்வான்.

ரொக் அவனிட்ட வந்தது மெமரி சிப்பில. 2010க்குப் பிறகு கிளிநொச்சியில கொமினிகேசன் கடையளில காசு குடுத்தா சிப் நிறையப் பாட்டு ஏத்தித் தருவினம், படப்பாட்டு, பக்திப்பாட்டு, அதுக்குள்ள ஆரோ கொழும்பில இருந்து கொண்டந்த இங்கிலிஸ் பாட்டும் கலந்து கிடக்கும், பாடினவை ஆர் எண்டு தெரியாது, ட்ராக் 01, ட்ராக் 02 எண்டுதான் இருக்கும். அவன் முதல்முதல் டிஸ்டோர்சன் கேட்டது அப்பிடி ஒரு ட்ராக்கில. போன் ஸ்பீக்கர் வெடிச்சுப்போட்டுது எண்டு நினைச்சு வேற போனில போட்டுப் பாத்தவனாம்.

இந்த இடத்தில எனக்கு ஒண்டு சொல்லவேணும். டிஸ்டோர்சன் எண்டது வெளிநாட்டுச் சத்தம், எங்கட காதுக்குப் பழக்கமில்லாதது எண்டு கனபேர் நினைக்கினம். அது பிழை. சத்தத்தைப் பெருக்கிற அம்ப்பால தாங்க ஏலாத அளவு சத்தத்தைக் குடுத்தா அலையின்ர தலை வெட்டுப்படும், அதுதான் டிஸ்டோர்சன். 1964இல கின்க்ஸ் எண்ட லண்டன் பாண்டின்ர கிற்றார்க்காரர் டேவ் டேவிஸ் அந்தச் சத்தம் வேணும் எண்டு அம்ப் ஸ்பீக்கரின்ர கடதாசியை ப்ளேட்டால கிழிச்சவர். எங்கட ஊரில ஆரும் கிழிக்கத் தேவையில்லாமப் போயிட்டுது. பனையில கட்டின குழாயில, மண்ணெண்ணெயில ஓடுற ஜெனரேற்றரில, அரைக்கட்டை தூரத்துக்குக் கேக்கோணும் எண்டு முழுக்கத் திருகிவிட்ட அம்ப்பில வந்த சாமிப்பாட்டு எல்லாம் கரகரத்து வெட்டுப்பட்ட பாட்டுத்தான். வன்னியில பிறந்த பிள்ளைக்கு அந்தச் சத்தம் திருவிழாச் சத்தம். எங்கட கிற்றார்க்காரன் டிஸ்டோர்சன் பெடலை ஓன் பண்ணின உடன முன்னால இருக்கிற ஆச்சிமார் காதைப் பொத்துறேல்ல, நான் பாத்திருக்கிறன்.

கீபோர்ட் வாசிக்கிறது ஒரு பள்ளிக்கூடத்துச் சங்கீத டீச்சர், வயலின்காரி, வட இலங்கை சங்கீத சபைச் சோதினை எல்லாம் ஒழுங்காச் செய்து முடிச்சவ. கீபோர்டில கமகம், சுரத்தை அசைச்சு வாசிக்கிறது, வராது எண்டது அவவுக்கு எப்பவும் ஒரு மனவருத்தம், அதால இடக்கை எப்பவும் சுருதியை வளைக்கிற அந்த பிச் பென்ட் சில்லிலயே இருக்கும். ஒருநாள் கிற்றார்க்காரன் சோலோ வாசிச்சு முடிய, "தம்பி, நல்ல சுத்ததன்யாசி, ஆரிட்டப் படிச்சனி?" எண்டு கேட்டா. அவன் திகைச்சுப்போய் "இல்லை டீச்சர், இது ஏ மைனர் பென்டடோனிக்" எண்டான். ரெண்டும் ஒண்டுதான். ஏ, சி, டி, ஈ, ஜி. ச, க, ம, ப, நி. ப்ளூஸில இருந்து ரொக் வரைக்கும் கிற்றார் சோலோவுக்கு அடிக்கட்டையா இருக்கிற அந்த அஞ்சு சுரமும் நாங்கள் சின்னனில இருந்து கேட்ட அதே அஞ்சு சுரம். டீச்சர் "அந்தக் காந்தாரத்தை நேர பிடிக்காத, கொஞ்சம் அசை" எண்டா, அவன் கம்பியை விரலால மேல தள்ளி வளைச்சான், அதுக்கு அவையள் பென்ட் எண்டு பேர் வைச்சிருக்கினம். அண்டைக்குப் பிறகு அந்த ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைக்கிற பாசையே வேற. எனக்கு அரைவாசிதான் விளங்கும்.

பேஸ்காரன். இவனைப் பற்றி எழுதலாமோ எண்டு அவனிட்டையே கேட்டனான், "எழுது அண்ணை, ஆனா இரங்கி எழுதாத" எண்டான். அவனுக்கு வலக்கையில சுட்டுவிரல் அரைவாசியும் நடுவிரல் முழுக்கவும் இல்லை, 2009 மாசி மாசம் யுத்தத்தில போனது. அதுக்கு முதல் அவன் பள்ளிக்கூட பாண்ட் வாத்தியக் குழுவில பெரிய ட்ரம் அடிச்ச பெடியன், விளையாட்டுப் போட்டிக்கு இல்லங்கள் அணிநடை போகேக்க முன்னால நெஞ்சில தூக்கிக்கொண்டு போறவன். லெப்ட் ரைட் லெப்ட் ரைட். அவ்வளவுதான் அவன்ர இசைப் படிப்பு. அந்தக் கால் நடை அவன்ர பேசில அப்பிடியே இருக்கு, அவன் ஓட மாட்டான், பதற மாட்டான், மற்ற எல்லாரும் தீர்மானம் கமகம் எண்டு எங்கயோ போய்த் திரும்பி வரேக்க அவன் விட்ட இடத்திலயே நிப்பான்.

பேஸ் கிற்றார் விரலால வாசிக்கிறவைக்கு முக்கியமே அந்த ரெண்டு விரலும்தான். முதல் அவன் பெருவிரலால மட்டும் வாசிச்சவன், அது மொத்தையா, மூடின மாதிரிக் கேக்கும், மெதுவான பாட்டுக்குச் சரி, வேகத்துக்கு வராது. அப்ப ஒருநாள் கிற்றார்க்காரன் போனில பாத்த ஒரு கதையைச் சொன்னான். இங்கிலாந்தில பர்மிங்ஹாமில டோனி அயோமி எண்டொரு ஆள், பிறகு பிளாக் சபாத் எண்ட பாண்டில வாசிச்சவர், 1965இல பதினேழு வயசில தகரம் வெட்டுற தொழிற்சாலையில வலக்கையின்ர ரெண்டு விரல் நுனியைப் பறிகுடுத்தவர். இடக்கைக்காரர் எண்டபடியா கம்பி அமத்திற கை அதுதான். அவர் பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தொப்பி மாதிரிச் செய்து விரல்ல மாட்டிக்கொண்டு வாசிச்சவர், அமத்த நோகாம இருக்கக் கம்பியையும் தளத்தி, சுருதியையும் பிறகு இறக்கினவர், அந்த இறக்கின கனமான சத்தத்தில இருந்துதான் ஹெவி மெட்டல் எண்டது வளந்தது எண்டு சொல்லுறவை.

கதை முடிய ஆரும் ஒண்டும் கதைக்கேல்ல. ட்ரம்ஸ்காரன் மட்டும் எழும்பி "விரலுக்குத் தொப்பி எண்டா கூடு தானே" எண்டான்.

அடுத்த ஞாயிறு அவன்ர அப்பா கொட்டிலுக்கு வந்தவர். பேஸ்காரன்ர கையைப் பிடிச்சுத் தன்ர மடியில வைச்சு, துணியை நாடா நாடாக் கிழிச்சு, பசையில தோய்ச்சு, அந்த அரை விரல்ல சுத்துச் சுத்தாச் சுத்தினார், தவில்காரர் தங்கட விரலுக்குச் செய்யிற மாதிரியே. கழட்டிக் காயவைச்சு, திரும்பப் போட்டுப் பாத்து, இறுக்கம் காணாது எண்டு இன்னொரு சுத்து. அந்த நேரம் முழுக்க அவர் கதைச்சது "நோகுதோ தம்பி?" எண்ட ஒரு வசனம்தான். இப்ப அவன் வாசிக்கிறது அந்தக் கூட்டாலதான். ஒவ்வொரு அடியின்ர தொடக்கத்திலயும் "ணக்" எண்டொரு சத்தம் வருது, ரெண்டாயிரத்து ஐந்நூறு ஹேட்சுக்கு, அதாவது செக்கனுக்கு அத்தினை அதிர்வுக்கு, கிட்ட. வேற பேஸ் எண்டா நான் அதை வெட்டிப்போடுவன். இதை வெட்டுறேல்ல.

அவன்ர காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கட லைன் கரண்ட் ஐம்பது ஹேட்ஸ், ஏர்த் சரியில்லாட்டி ஸ்பீக்கரில "ம்ம்ம்" எண்டு இரையும். ஒருக்கா ஒரு பள்ளிக்கூட மைதானத்தில அப்பிடி இரைய, அவன் பேசைத் தட்டிப் பாத்திட்டு "அண்ணை, இது ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவில நிக்குது" எண்டான். வீட்ட வந்து பாத்தன், பேசில அந்த ஜி 49, ஜி ஷார்ப் 52க்குக் கொஞ்சம் குறைய. நாத்துமேடையில நிக்கிற ஒரு கமக்காரன் கரண்டின்ர சுருதியைச் சொல்லுறான்.

பாடுற தங்கச்சிதான் இந்தக் கதையின்ர நடு. அவள் முள்ளியவளைப் பக்கம். அம்மப்பா அண்ணாவியார், கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து ரெண்டும் பழக்கினவர், ஆர்மோனியமும் அவரே. காத்தவராயன் கூத்து எண்டா ஒரு இரவுக் கூத்து, காத்தான் வேசத்தையே ஆள் மாறி மாறி ஆடி, விடியேக்க கழுவேத்தத்தோட முடியும். அவள் அதுக்குள்ள வளந்தவள், ஆனா ஏறி ஆடினதில்லை. பொம்பிளை வேசமும் ஆம்பிளையள்தான் கட்டுறது எண்ட பழக்கத்தில வந்தவர் அம்மப்பா. ஆனா பழக்கம் நடக்கிற முத்தத்தில ஒரு ஓரமா இருந்து எல்லாப் பாத்திரத்தின்ர பாட்டையும் அவள் பாடமாக்கினவள், ஆராவது வராட்டி அந்த ஆளின்ர பாட்டை அவளைக் கொண்டு பாடிவிச்சுத்தான் மற்றவையைப் பழக்கினவராம். மாரியம்மனையும் பாடுவாள், காத்தானையும் பாடுவாள்.

மைக் இல்லாத காலத்தில இருந்து வந்த பாட்டு அது. வட்டக் களரியில கடைசி வரிசைக்குக் கேக்கோணும், அதால நெஞ்சில இருந்து எட்டுக்கட்டைக்குத் தூக்கிப் பாடுறது. ஒரு ரொக் பாண்டுக்கு முன்னால நிக்கிற ஆளுக்கு வேணுமான தொண்டையும் அதுதானே. முதல் நாள் மைக்கில வாயை வைச்சுப் பாட எல்லாம் கிழிஞ்சு போச்சு. "தங்கச்சி, ஒரு முழம் தள்ளி நில்" எண்டன். தள்ளி நிண்டால் ட்ரம்ஸ் சத்தம் அவளின்ர மைக்குக்குள்ள வருது. இப்ப ஒரு சாண் எண்டு முடிவெடுத்து, உச்சத்துக்குப் போகேக்க மட்டும் முகத்தைத் திருப்பச் சொல்லியிருக்கிறன்.

இனி அந்தச் சண்டை. அவள் ஒரு மெட்டுக் கொண்டந்தாள், கூத்துச் சிந்தின்ர நடையில தானே கட்டினது. திஸ்ரம், தகிட தகிட எண்டு மூண்டு மூண்டாப் போற மெட்டு. கிற்றார்க்காரன் அதுக்கு ஆராதனைப் பழக்கத்தில ஒண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு நேராக் கோர்ட் போட்டான். ட்ரம்ஸ்காரன் மூண்டாத்தான் அடிப்பன் எண்டு நிண்டான். அதோட அவள் எடுக்கிறது முதலடியில இல்லை, அரை அடி பொறுத்து. "நீ பிந்தி வாறாய்" எண்டு கிற்றார்க்காரன், "நான் வாற இடம் இதுதான் அண்ணா" எண்டு அவள், "அவள் சரி, உன்ர ஒண்டுதான் பிழை" எண்டு ட்ரம்ஸ்காரன். ஒரு சொல்லு ரெண்டு சொல்லாகி, அவன் போயிட்டான். ரெண்டு கிழமை பழக்கமில்லை.

டீச்சர்தான் சேத்து வைச்சவ. கொட்டில் நிலத்தில சோக்கால பன்னிரண்டு கோடு போட்டா. "இதை மூண்டு மூண்டா வெட்டினா நாலு. நாலு நாலா வெட்டினா மூண்டு. நீங்கள் ரெண்டு பேரும் ஒரே கோட்டைத்தான் வேற வேற இடத்தில வெட்டுறியள்" எண்டு சொல்லி, ட்ரம்ஸ்காரனை ஹைஹாட்டில மூண்டு மூண்டா அடிக்கவும், ஸ்னேரை மட்டும் நாலு எண்ணிக்கைக்குப் போடவும் சொன்னா. தங்கச்சி பிந்தி எடுக்கிறதுக்கும் பேர் இருக்கு, அனாகத எடுப்பு, தாளம் முதல் தொடங்கிப் பாட்டுப் பிறகு வாறது. கிற்றார்க்காரன் அந்தக் கோடுகளைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டான். பிறகு முதலடியில ஒண்டும் வாசிக்காம விட்டான். அந்த இடத்தைச் சும்மா விட்ட உடன அவளின்ர குரல் அதுக்குள்ள வந்து இருந்த மாதிரி இருந்தது. என்ர ஹெட்போனில நான் கேட்ட நல்ல சத்தங்களில அந்தச் சத்தமில்லாத அரை அடியும் ஒண்டு.

எழுபதுகளில இந்த நாட்டில நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் எண்டு கிற்றாரோட தமிழில பொப் பாடின ஆக்கள் இருந்தவை, ஊர் ஊரா அதுக்குச் சனம் கூடினது எண்டு மாமா சொல்லுவார். அந்தச் சங்கிலி எங்களிட்ட நேரா வந்து சேரேல்ல, இடையில கனக்க அறுந்து போச்சு. அதால எங்கட ஆக்கள் ஆளுக்கொரு இடத்தில இருந்து தங்களிட்ட இருந்ததைக் கொண்டுதான் தொடங்கினவை.

இந்த வருசம் மாசியில, மூட்டையெல்லாம் அடுக்கின பிறகு, அந்தத் தங்கச்சி அம்மப்பாவைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் அவருக்கு மிக்சருக்குப் பக்கத்தில கதிரை போட்டன். அந்தப் பாட்டு வாசிச்சினம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், அவள் அரை அடி பொறுத்து எடுக்கிற இடத்தில கை நிண்டது. பாட்டு முடிய என்னைப் பாத்து, "தம்பி, அந்த எடுப்பு என்ர அப்புவின்ர எடுப்பு. நான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கேல்ல" எண்டார். பிறகு கொஞ்சநேரம் பொறுத்து, "என்ர பெட்டி ஒண்டு கிடக்கு, கொண்டரட்டோ?" எண்டு கேட்டார்.

அந்தப் பெட்டியின்ர கதை தங்கச்சி முந்தியே சொன்னவள். கடைசி நேரம் இடம்பெயரேக்க ஆர்மோனியத்தைப் பொலித்தீனால சுத்தி வளவுக்க கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டுப் போனவர். திரும்பி வந்து கிண்டினா மரமெல்லாம் கறையான், துருத்தித் தோல் உக்கிப் போச்சு, உள்ள பித்தளை நாக்குகள் மட்டும் மிச்சம். அதைக் கழுவித் துடைச்சு, வேற ஒரு பழைய பெட்டிக்குள்ள ஒவ்வொண்டாப் பூட்டினவர். மண்ணுக்க கிடந்து களிம்பு பிடிச்ச நாக்கு, பாரம் கூடினபடியா சுருதி இறங்கித்தான் நிக்குது. நுனியை மெல்ல ராவினா ஏத்தலாம் எண்டு டீச்சர் சொல்லிப் பாத்தா, அவர் ஒத்துக்கொள்ளேல்ல. "அது கிடக்கட்டும் பிள்ளை" எண்டார்.

அதால நாங்கள் இறக்கினம். கீபோர்டின்ர டியூனிங்கை 440 ஹேட்சில இருந்து 434க்குக் கொண்டந்தா டீச்சர். கிற்றார்க்காரன் ஒவ்வொரு கம்பியாத் தளத்தி, அம்மப்பா கட்டையை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்க, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில கொண்டுபோய் நிப்பாட்டினான். பேஸ்காரனும் அப்பிடியே. தங்கச்சிக்கு மட்டும் ஒண்டும் மாத்தத் தேவைப்படேல்ல, அவள் சின்னனில இருந்து பாடின சுருதி அதுதான்.

மைக் எங்க வைக்கிறது எண்டதுதான் இப்ப எனக்குப் பாடு. துருத்திப் பக்கம் வைச்சாக் காத்து இழுக்கிற சத்தம் வருது, கட்டைப் பக்கம் வைச்சா அவரின்ர மோதிரம் தட்டுப்படுற சத்தம் வருது. நேற்று மேல் பலகையைத் திறந்து, நாக்குகளுக்கு நேர மேல ஒரு சாண் உயரத்தில கட்டிப் பாத்தன். ட்ரம்ஸ் கொஞ்சம் உள்ள வருது, பரவாயில்லை. பன்னிரண்டாவது சனலில ஒரு ரேப் ஒட்டி "அம்மப்பா" எண்டு எழுதியிருக்கிறன்.